வேலியில் மலரட்டும் செங்காந்தள்

(பி.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன்)

"தமிழ்நாட்டின் மாநில மலர் எது?" போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நண்பர் எவரைக் கேட்டாலும் இமைக்கும் நேரத்தில் விடை வரும்: "செங்காந்தள்!" சரியான விடைதான்; ஒரு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், "அந்தப் பூவைச் செடியில் பார்த்திருக்கிறாயா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்?

எங்கள் வகுப்பிலே நான் கேட்டேன். ஒருவர் கையும் உயரவில்லை. பிறகு கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வரும் மூன்று பேர் மட்டும், "அட, இது எங்கள் ஊர்க் கண்வலிப்பூ ஆயிற்றே!" என்றார்கள். பெயர் தெரிந்தவர்களுக்குப் பூ தெரியவில்லை. பூ தெரிந்தவர்களுக்குப் பெயர் தெரியவில்லை. மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே, அன்பு நண்பர்களே! இந்த இடைவெளியைப் பற்றித்தான் சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நானும் அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவனே. வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கணியம்பாடி. அப்பா ஒரு காலத்தில் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். டிராக்டர் வந்த பிறகு அதே நிலங்களில் கூலி வேலை செய்கிறார். அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

எங்கள் தெருக்கோடி நிலத்துக்கு அப்போது உயிர்வேலி இருந்தது. கள்ளியும் கிளுவையும் பின்னிக் கிடக்கும். ஆடி மாதத்து மழை ஒன்றிரண்டு விழுந்ததும் அந்த வேலிக்குள்ளிருந்து ஒரு கொடி தலைநீட்டும். அதன் இலை நுனிகள் சுருண்டு சுருண்டு, கிடைத்த கிளையைப் பற்றிக்கொள்ளும். புரட்டாசியில் தொடங்கிக் கார்த்திகை வரை வேலியில் தீப்பிடித்தாற்போல் பூக்கும். நாங்கள் சிறுவர்கள் அதனருகே போகமாட்டோம். "பாத்தா கண்ணு வலிக்கும்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். கண்வலிப்பூ என்ற பெயருக்கு எங்கள் ஊரில் சொல்லும் காரணம் அதுதான்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, வைகாசியில் அந்த நிலம் வீட்டு மனையாக விற்பனையாயிற்று. ஜே.சி.பி. இயந்திரம் ஒரு காலைப் பொழுதுக்குள் வேலி முழுவதையும் வாரிப் போட்டது. மாலையில் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். வாரிப் போட்ட மண்ணில் ஏர்க்கலப்பை போன்ற வடிவில் ஐந்தாறு கிழங்குகள் கிடந்தன. மஞ்சள் பையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்ல வேண்டும். "படிக்கப் போற புள்ள களையக் கொண்டாந்து வெக்குதே!" என்றார் அம்மா. அப்பா ஒரு கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏர் மாதிரியேதான் கீது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆயாதான் எழுந்து நின்றுகொண்டார். "அத்த எதுக்குடா நைனா வூட்டுக்கு எடுத்தாந்த? தூக்கிக் கடாசு!"

ஆயாவின் கோபத்துக்குக் காரணம் அன்று இரவுதான் தெரிந்தது. ஆயா சிறுமியாக இருந்தபோது மழை பொய்த்த ஒரு வருடம். வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லாமல் மலையோரம் வள்ளிக்கிழங்கு தோண்டப் போயிருக்கிறார்கள். தோண்டியதோடு இந்தக் கிழங்கும் கலந்துவிட்டது. அவித்ததை முதலில் தின்றது ஆயாவின் தம்பி. ஏழு வயது. வாந்தியும் பேதியுமாகி மூன்றாம் நாள் போய்விட்டான். இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் ஆயா அதைச் சொன்னதில்லை.

இதைக் கேட்ட பிறகு அந்தக் கிழங்கை நான் நடலாமா? அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இக்கட்டுரையே அந்தக் கேள்விக்கு நான் கண்ட விடைதான்.

கல்லூரிக்கு வந்தபின் இந்தச் செடிக்கு இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு என்று அறிந்தேன். தாவரவியல் வகுப்பில் அது 'குளோரியோசா சூப்பர்பா'. 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர். புகழுக்குரியது, மேன்மையானது என்று அந்த இலத்தீன் சொற்களுக்குப் பொருள். தமிழ் வகுப்பில் அது காந்தள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் முதலாவது அதுதான். திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடியிருக்கும் கண்ணியும் காந்தளே. காந்தளையே வேலியாக உடைய மலைநாட்டைக் குறுந்தொகை பேசுகிறது என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சங்கப் புலவர் பார்த்த அதே வேலியைத்தான் எங்கள் தெருக்கோடியில் ஜே.சி.பி. வாரிப் போட்டிருக்கிறது!

நஞ்சைப் பற்றியும் வகுப்பிலேதான் தெளிவு கிடைத்தது. செடியின் எல்லாப் பாகங்களிலும், முக்கியமாகக் கிழங்கிலும் விதையிலும், 'கால்ச்சிசின்' என்ற பொருள் இருக்கிறது. அவித்தாலும் அதன் நஞ்சு போவதில்லை. வெங்காய வேர் நுனியை நசுக்கி நுண்ணோக்கியில் செல் பிரிவதைப் பார்க்கிறோமல்லவா? அப்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் கதிர் இழைகளை உருவாகவிடாமல் தடுப்பதுதான் கால்ச்சிசினின் வேலை. குடலிலும் எலும்பு மச்சையிலும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பவை. ஆதலால் அங்கேதான் அது கடுமையாகத் தாக்குகிறது. ஆயாவின் தம்பிக்கு வந்த வாந்திக்கும் பேதிக்கும் விளக்கத்தை நான் பாடப் புத்தகத்தில் படித்தேன். இலங்கையிலும் இக்கிழங்கைத் தின்று இறந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதே பொருள் மருந்தாகவும் இருக்கிறது. யூரிக் அமிலம் மூட்டுகளில் படிவதால் வரும் 'கௌட்' நோய்க்குக் கால்ச்சிசின் மாத்திரை நெடுங்காலமாக வழங்கப்படுகிறது. 2023-இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கும் அது அனுமதிக்கப்பட்டது. அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம்! வேளாண்மைக்கும் அது உதவியிருக்கிறது. கால்ச்சிசினால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கலாம் என்று 1937-இல் கண்டறிந்தார்கள். அந்த வழியைக் கொண்டுதான் ஜப்பானியரான கிஹாரா விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்கினார். இவ்வளவு சொல்வதால் எவரும் வீட்டு வைத்தியத்தில் இறங்கிவிட வேண்டாம். அரை மில்லிகிராமை அளக்கும் தராசு நம் அடுக்களையில் இல்லை.

கிழங்குகளை நான் நட்டேன். ஆயாவிடம் ஒப்புதல் பெற்ற பிறகே நட்டேன். ஆயா மூன்று கட்டளைகள் இட்டார். கொல்லையின் கோடியில் நட வேண்டும். சுற்றிலும் முள் போட வேண்டும். தொட்ட கையைக் கழுவாமல் சோற்றுப் பானையைத் தொடக் கூடாது. எந்தத் தாவரவியல் நூலும் இதைவிடச் சிறந்த விதிகளைச் சொல்லிவிட முடியாது என்றே எண்ணுகிறேன்.

முதல் ஆண்டு எனக்குத் தோல்விதான். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நட விரும்புவோர்க்குப் பயன்படும். காந்தள் கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. உருளைக்கிழங்கைப் போல வெட்டி நட முடியாது. நான் கொண்டுவந்தவற்றில் இரண்டு நுனி ஒடிந்தவை, அவை முளைக்கவில்லை. வேறு இரண்டுக்குத் தங்கை அன்பு மிகுதியால் நாள்தோறும் தண்ணீர் ஊற்றி அழுகவைத்துவிட்டாள். மிஞ்சிய ஒன்று ஆடியில் முளைத்தது. இடுப்பளவு வளர்ந்தது. ஐப்பசியில் ஒரு நாள் காலையில் பார்த்தால் தண்டு மட்டும் நிற்கிறது! கருத்த உடலில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் கொண்ட புழுக்கள் இலைகளை மொட்டையடித்துவிட்டன.

அம்மா கத்தரிக்கு அடிக்கும் பூச்சிமருந்தை எடுத்து வந்தார். நான் தடுத்துவிட்டுப் புழுவைப் படமெடுத்துப் பேராசிரியரிடம் காட்டினேன். அது காந்தளையும் அதைப் போன்ற அல்லிக் குடும்பச் செடிகளையும் தின்னும் ஓர் அந்துப்பூச்சியின் புழு. அதன் அறிவியல் பெயரிலேயே குளோரியோசா இருக்கிறது என்றார். 'பாலிடெலா குளோரியோசே' என்பது அந்தப் பெயர். நமக்கு நஞ்சாக இருப்பது அதற்கு உணவு. வேலியோடு வாழ்ந்த பூச்சி, வேலி போன பின் எங்கள் கொல்லையைத் தேடி வந்திருக்கிறது. மேலும் புழு கண்டால் கையுறை போட்டுப் பொறுக்கினாலே போதும் என்றார் பேராசிரியர்.

தண்டும் காய்ந்து விழுந்தது. பட்டுப்போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் காந்தள் பல்லாண்டுத் தாவரம். மேலே கொடி நிற்கும்போதே கீழே பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதுக் கிழங்கு பிறந்துவிடுகிறது. கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்துவிட்டு, சென்ற ஆடியில் ஒன்றுக்கு இரண்டாக முளைவிட்டது. ஏரின் இரு கைகளுக்கும் ஒவ்வொரு முளை!

ஐப்பசியில் பூத்தது. முதல் நாள் மஞ்சளும் பச்சையுமாக விரிந்தது. நாள் ஆக ஆகச் சிவப்பு ஏறி, முழுச் செம்மை அடைந்தது. ஆறு இதழ்களும் நெளிந்து மேல்நோக்கி வளைந்துகொள்ள, சூல்தண்டு மட்டும் பக்கவாட்டில் மடிந்து நீண்டிருந்தது. தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் விழாதபடி அமைந்த வளைவு அது. விதைக்காக இதைப் பயிரிடும் தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து உழவர்கள் காலை வேளையில் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் தடவுகிறார்கள். நானும் அப்படியே செய்து பார்த்தேன். நான்கு காய்கள் பிடித்தன.

இனி என் கருத்துக்கு வருகிறேன். மாநில மலர் என்ற மதிப்பு வினாத்தாளோடு நின்றுவிடக் கூடாது. அது மீண்டும் நம் வேலிகளில் வாழ வேண்டும். அதை வளர்க்கும் பொறுப்பை நம்மைப் போன்ற மாணவர்கள் ஏற்க வேண்டும்.

மறுப்புகள் எனக்குத் தெரியும். "இது உலகிலிருந்து அழியப்போகிற செடியா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாக வளர்கிறது. ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே தேசிய மலர். ஆஸ்திரேலியக் கடற்கரை மணலில் இதைக் களையென்று பிடுங்குகிறார்கள். அங்கே அது வந்தேறி, அவர்கள் செய்வது சரியே. ஆனால் இங்கே அது மண்ணின் மகள். உலகத்தில் எங்கோ இருக்கிறது என்பது எங்கள் தெருவில் இல்லாமற்போனதற்கு ஆறுதல் ஆகுமா?

"உழவர்கள் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்களே, போதாதா?" என்றும் கேட்கலாம். அவர்கள் உழைப்பை நான் போற்றுகிறேன். ஆனால் அந்த விதை மருந்துத் தொழிற்சாலைக்குச் செல்வதற்கென்றே விளைவது. பயிரிட வேண்டிய கிழங்குகளைக் காடுகளிலிருந்து தோண்டி எடுத்ததால் இயற்கையில் செடி குறைந்ததும் உண்டு. வயலில் விளைவது சந்தைக்குப் போகும். விலை வீழ்ந்தால் வேறு பயிர் வரும். வேலியில் வளர்வது அப்படியல்ல.

எல்லாவற்றினும் கனமான மறுப்பு ஆயாவினுடையது: "வெசத்த எதுக்குடா வளக்கணும்?" இதற்கு எளிதாக விடை சொல்லிவிட எனக்கு மனமில்லை. ஆனால் எண்ணிப் பார்ப்போம். நம் வீட்டு வாசல்களில் அரளி நிற்கிறது. நெடுஞ்சாலை நடுவிலும் வரிசையாக அரளி நட்டிருக்கிறார்கள். அதுவும் நஞ்சுதான். அரளியை நாம் அஞ்சி அகற்றவில்லை. ஏனென்றால் அது நஞ்சு என்று ஊருக்கே தெரியும். காந்தளோ கண்ணில் படாமற்போகப் போக, அதைப் பற்றிய அறிவும் சேர்ந்தே போகிறது. ஆயாவின் தம்பியைக் கொன்றது கிழங்கு மட்டுமா? பசியும், இரு கிழங்குகளுக்கும் வேறுபாடு தெரியாமையும் சேர்ந்துதான் கொன்றன. வேலியை அழித்தால் பூ போகும். மலையில் கிழங்கு இருந்துகொண்டேதான் இருக்கும். அதை அடையாளம் காட்ட ஆள் இருக்காது. அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. "கண்ணு வலிக்கும்" என்று நம் முன்னோர் சொன்னது குழந்தைகளை விலக்கி வைக்க அவர்கள் போட்ட முள்வேலியாகவும் இருக்கலாம். இன்று அந்தப் பேச்சைப் பிள்ளைகள் நம்புவதில்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லி வைக்க வேண்டியது படித்த நம் கடமை அல்லவா?

ஆகவே வளர்க்க விரும்பும் நண்பர்களுக்குச் சில சொற்கள். மலைக்குப் போய்த் தோண்டாதீர்கள். காப்புக்காட்டில் தோண்டுவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி குற்றம். வளர்ப்பவரிடம் விதையோ கிழங்கோ பெறுங்கள். விதையிட்டால் பொறுமை வேண்டும். முளைக்கவே மாதங்கள் ஆகும், பூக்க மூன்று ஆண்டுகள் ஆகலாம். கிழங்கானால் தண்ணீர் தேங்காத செம்மண்ணில் நான்கு விரல் ஆழத்தில் படுக்கவைத்து நடுங்கள். நுனி ஒடியாமல் கையாளுங்கள். பற்றிப் படர ஒரு வேலியோ குச்சியோ கொடுங்கள். கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். காய் வெடித்தால் உள்ளே செக்கச் செவேலென்று விதைகள் தெரியும். குழந்தைகளின் கை தானாகப் போகும். வெடிக்கும் முன்பே பறித்துப் பூட்டி வையுங்கள். தவழும் குழந்தையோ மேயும் ஆடோ உள்ள வீட்டில், காக்க முடியாதென்றால் நட வேண்டாம். அந்த வீட்டாரிடம் பூவைப் பற்றிச் சொல்லிவைத்தாலே போதும்.

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். தாவரவியல் துறை வாசலில் கம்பிவலைக்குள் ஒரு பாத்தி ஒதுக்கித் தாருங்கள். தமிழ்த் துறையும் தாவரவியல் துறையும் சேர்ந்து ஒரு பலகை எழுதட்டும். செங்காந்தள், கண்வலிப்பூ, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ, குளோரியோசா சூப்பர்பா என்று எல்லாப் பெயர்களும் அதில் இருக்கட்டும். அவற்றின் கீழே, அதே பெரிய எழுத்தில், 'நஞ்சு' என்ற சொல்லும் இருக்கட்டும். நான்கு காய்களின் விதைகளும் என்னிடம் பத்திரமாக உள்ளன. துறைக்கு அளிக்கக் காத்திருக்கிறேன்.

சென்ற கார்த்திகை தீபத்தன்று வாசலிலும் மாடத்திலும் அகல் வைத்த ஆயா, ஒரு விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு கொல்லைக் கோடிக்குப் போனார். முள்ளுக்கு வெளியே, கொடிக்கு எட்டாத தூரத்தில் அதை வைத்தார். கடைசிப் பூ ஒன்று மீதமிருந்தது. அடுத்த வீட்டுச் சிறுமி பின்னாலேயே ஓடிவந்து பூவை நோக்கிக் கை நீட்டினாள். ஆயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தொடாத கண்ணு, அது வெசம். எட்ட நின்னு பாரு. செங்காந்தள்னு பேராம். எங்க நைனா காலேஜுல படிச்சிட்டு வந்து சொன்னான்."

என் படிப்புக்கு எங்கள் வீட்டில் கிடைத்த முதல் பாராட்டு அது. நண்பர்களே, அறிந்து நடுவோம், அறிவித்து வளர்ப்போம். வேலிகளில் மலரட்டும் செங்காந்தள்!